ஜயான் பள்ளத்தாக்குக்கு எந்த மாதம் போகலாம்?

வியாழன், ஸ்பிரிங்டேல்

லாஸ் வேகஸில் வாடகைக் காரை எடுத்து ஐ-15 நெடுஞ்சாலையில் ஏறும்போது மணி பதினொன்று. யூட்டா மாநிலத்து ஜயான் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் அங்கிருந்து சுமார் 160 மைல். வழி முழுக்கப் பொட்டல். நெவாடா முடிந்து அரிசோனாவின் ஒரு மூலைக்குள் புகுந்ததும் சாலை சட்டென்று ஒரு மலையிடுக்குக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே கலங்கலாக ஒரு சின்ன ஆறு. வர்ஜின் ஆறு என்று பலகை சொன்னது.

"நாம பாக்கப் போற பள்ளத்தாக்கை அறுத்ததும் இந்த ஆறுதானா?" என்றார் மாமா, பின் சீட்டிலிருந்து.

"அதே ஆறுதான் மாமா. அங்க வெட்டிட்டு, இங்கயும் வெட்டிட்டு, கடைசியில மீட் ஏரியில போய்ச் சேருது."

"இந்தத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வளைவு வரை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வந்தார். என் மாமனார் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு என்றால் அவருக்கு அளவுகோல் நட்டு அளக்க வேண்டிய ஒன்று.

நவம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அவர்தான் காரணம். நாங்கள் மாதக்கணக்கில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். என் கணவர் ஏப்ரல் என்றார், வசந்த விடுமுறை, வெயில் இருக்காது. நான் அக்டோபர் என்றேன், இலை நிறம் மாறும். மகளுக்குப் பனி வேண்டும், அதனால் ஜனவரி. மூன்று பேரும் வெப்பநிலைப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா மட்டும் வேறு கேள்வி கேட்டார்: "ஆத்துல எந்த மாசம் எவ்வளவு தண்ணி வருது?"

அதற்கு விடை இணையத்தில் கிடைக்கிறது. ஸ்பிரிங்டேல் அருகே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஒரு நீரளவு நிலையம் வைத்திருக்கிறது. ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாமா சில வருட வரைபடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடமே எடுத்துவிட்டார். மார்ச்சில் கோடு மேலே ஏறத் தொடங்குகிறது, ஏப்ரலிலும் மேயிலும் உச்சியில் நிற்கிறது. அது மேட்டுநிலத்தில் உருகும் பனி. ஜூனில் மளமளவென்று இறங்குகிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கோடு தாழ்வாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுநடுவே ஊசி குத்தியதுபோல் செங்குத்தாக ஏறி, சில மணி நேரத்தில் இறங்கும் முட்கள். அது மழைக்கால இடிமழை. அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் நேர்கோடு.

"இந்த நேர்கோட்டுல போலாம்," என்றார். முடிந்தது பேச்சு.

150 கன அடிக்கு மேல் ஓடினால் இங்கே 'நேரோஸ்' என்னும் குறுகிய பகுதியை மூடிவிடுகிறார்கள். அணை நிலவரச் செய்தியில் ஆயிரக்கணக்கில் கன அடி கேட்டு வளர்ந்த நமக்கு 150 என்பது வாய்க்கால் தண்ணீர். ஆனால் சில இடங்களில் இருபது, முப்பது அடிதான் இருக்கும் இடுக்குக்குள், மைலுக்கு 50 முதல் 80 அடி சரிவில் அது இறங்கும்போது நிற்க முடியாது. இன்று மாலை அளவு 46.

வெள்ளி, பள்ளத்தாக்குக்குள்

அறையை விட்டு வெளியே வரும்போது 38 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 3 செல்சியஸ். மகள் பற்கள் தந்தியடிக்க பஸ்ஸுக்கு நின்றாள். நண்பகலில் அதே மகள் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வியர்த்தாள். பாலைவனத்துக் காற்றில் ஈரம் இல்லை, வெயில் போன நிமிடமே சூடும் போய்விடுகிறது. மெல்லிய உடைகளாக மூன்று நான்கு அடுக்கு போட்டுக்கொண்டு உரித்துக்கொண்டே போவதுதான் இங்கே வழி. கனமான ஒரே கோட்டு எதற்கும் உதவாது.

நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். ஆனால் காரில் பள்ளத்தாக்குக்குள் போக முடியாது. 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச் முதல் நவம்பர் கடைசி வரை இலவச ஷட்டில் பஸ்தான். காரை ஊரிலேயே விட்டுவிட்டு ஊர் பஸ்ஸில் வாசல் வரை வந்து, விசிட்டர் சென்டரில் பூங்கா பஸ் மாறினோம். குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நாட்கள் தவிர, பஸ் ஓடாது, சொந்தக் காரில் உள்ளே போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே வண்டி நிறுத்த இடம் கொஞ்சம்தான், நிரம்பினால் சாலையை அடைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பஸ்தான் நிம்மதி. ஓட்டுகிறவரும் தலையைத் தூக்கிப் பாறையைப் பார்க்கலாம்.

அந்தப் பாறையைப் பற்றி. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டாயிரம் அடி உயரத்துக்கு நிற்கும் இந்தச் சுவர்கள் ஒரு காலத்தில் மணல்மேடுகள். ஜுராசிக் காலத்துப் பாலைவனம், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த மணல் இறுகிப் பாறையானது, பிறகு நிலம் உயர்ந்தது, ஆறு அறுத்தது. மணற்பாறைக்குள் மழைநீரும் பனிநீரும் மெதுவாக ஊறி இறங்குகின்றன. அடியில் தண்ணீர் புக முடியாத களிப்பாறை அடுக்கு வந்ததும் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. அதனால்தான் வறண்ட சுவரின் நடுவில் திடீரென்று ஒரு பச்சைக் கோடு, பெரணியும் பாசியுமாகத் தொங்குகிறது. எமரால்ட் குளங்களுக்குப் போகும் பாதையில் அந்தக் கசிவுக்கு அடியிலேயே நடந்து போகலாம். இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. அருவியாகக் கொட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் பனி உருகும் ஏப்ரலில் வர வேண்டும், அல்லது கோடை இடிமழை நின்ற அரைமணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும்.

எமரால்ட் என்ற பெயரைக் கேட்டு மரகதப் பச்சைக் குளத்தை எதிர்பார்த்து வராதீர்கள். நவம்பரில் அது குட்டை.

மரங்கள்தான் இன்றைய காட்சி. ஆற்றங்கரை முழுக்க காட்டன்வுட் மரங்கள், அத்தனையும் மஞ்சள். சிவந்த பாறைக்கு முன்னால் அந்த மஞ்சளில் பக்கவாட்டு வெயில் விழும்போது கண் கூசுகிறது. ஜயான் லாட்ஜ் முன்புல்வெளியில் ஒரு பெரிய காட்டன்வுட் நிற்கிறது. அதன் அடியில் மாமா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளைக்கொம்பு முற்றிய ஆண்மான் ஒன்று கழுத்து தடித்துப் போய், ஆட்களை மதிக்காமல், இரண்டு பெண்மான்களின் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நவம்பர் மியூல் மான்களின் இணைசேரும் காலம். மற்ற மாதங்களில் மனிதரைக் கண்டால் ஒதுங்கும் ஆண்மான் இப்போது வழியை விடாது, நாம்தான் விட வேண்டும்.

இலை நிறத்துக்காக வருகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூங்காவின் தாழ்ந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 3,666 அடி, உயர்ந்த இடம் 8,726 அடி. ஐயாயிரம் அடி வித்தியாசம். அதனால் இலையுதிர்காலம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. உச்சி மேட்டில் ஆஸ்பென் மரங்கள் செப்டம்பர் கடைசியிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடும். நடுவிலுள்ள கிளைப் பள்ளத்தாக்குகளில் மேப்பிள் அக்டோபரில் சிவக்கும். அடித்தரைக்கு மஞ்சள் வந்து சேர நவம்பர் முதல் வாரம். வசந்தமோ நேர்மாறாகக் கீழிருந்து மேலே ஏறும். எனவே 'இலை எப்போது மாறும்' என்று கேட்டால், எத்தனை அடியில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கூட்டம்? இருந்தது. வருடத்துக்கு 45 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வரும் இடம், 2021இல் 50 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜூன், ஜூலையில் இந்த வரிசை எப்படி வளைந்து நிற்கும் என்பதை வாசலில் கட்டியிருக்கும் தடுப்புக் கம்பிகளே சொல்கின்றன.

சனி, நேரோஸ்

காலை எழுந்ததும் மூன்று விஷயம் பார்த்தோம். ஆற்றின் அளவு: 45 கன அடி. வானிலை: தெளிவு. திடீர் வெள்ள வாய்ப்பு: எதிர்பார்க்கப்படவில்லை. இந்த மூன்றாவதை வானிலைத் துறை நாள்தோறும் நான்கு படியாகச் சொல்கிறது. எதிர்பார்க்கப்படவில்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கலாம் என்ற வரிசை. விசிட்டர் சென்டரில் எழுதிப் போட்டிருப்பார்கள்.

நேற்று மாலையே ஊர்க்கடையில் உடை வாடகைக்கு எடுத்துவிட்டோம். தண்ணீர் புகாத கால்சட்டை, நியோபிரீன் காலுறை, பாறையில் வழுக்காத பூட்ஸ், ஆளுயர மரத்தடி. தண்ணீர் 47 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 8 இருக்கும் என்றார் கடைக்காரர். கோடையில் இந்த உடை எதுவும் வேண்டாம், சாதாரணக் கால்சட்டையோடு இறங்கலாம், செருப்பு மட்டும் நல்லதாக வேண்டும். டிசம்பரில் இன்னும் தடித்த, கழுத்து வரை மூடிய உடை. வாடகையும் அதற்கேற்ப ஏறும். நவம்பரின் விலை இதுதான்: வானம் நம் பக்கம், தண்ணீர் நம் பக்கம் இல்லை.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் சிமென்ட் பாதை. அது முடிகிற இடத்தில் கல்படி ஆற்றுக்குள் இறங்குகிறது. அதற்கு மேல் பாதை என்று எதுவும் கிடையாது, ஆறுதான் பாதை. மாமாவுக்கு முழங்கால் சரியில்லை. அவர் அந்தப் படியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். "நான் இங்க இருந்து தண்ணி நிறத்தைப் பாத்துக்கிறேன். நீங்க போங்கம்மா."

விளையாட்டாகச் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீர் கலங்கினால், குச்சியும் சருகும் மிதந்து வந்தால், மேலே எங்கோ மழை. இங்கே தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே வெள்ளம் வரும். மேட்டுநிலம் வெறும் பாறை, மழையை உறிஞ்சாது. பல மைல் தள்ளிப் பெய்ததெல்லாம் வழிந்து ஒரே இடுக்குக்குள் வந்து சேரும். கணுக்கால் தண்ணீர் நிமிடங்களில் தலைக்கு மேல் போகும்.

முதல் அடி வைத்தபோது குளிர் தெரியவில்லை. நியோபிரீன் காலுறைக்குள் தண்ணீர் புகும், புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும், அதுதான் அதன் வேலை. பத்து நிமிடத்தில் கால் பழகிவிட்டது. பழகாதது கற்கள். ஆற்றுப்படுகை முழுக்கத் தலையளவு உருண்டைக் கல், பாசி பூசியது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தடியை ஊன்றி, கல் அசைகிறதா என்று பார்த்து, அப்புறம் கால். மணிக்கு ஒரு மைல் போனாலே அதிகம். மகள் வேகமாகப் பழகிக்கொண்டாள். என் கணவர் ஒவ்வொரு கல்லோடும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டு வந்தார்.

அரைமைலில் வலப்பக்கச் சுவரில் மிஸ்டரி அருவி, மெல்லிசாக வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதைத் தாண்டிச் சுவர்கள் நெருங்க ஆரம்பித்தன. இந்த மாதத்தில் வெயில் தாழ்ந்துவிட்டதால் நேரடி வெளிச்சம் அடிவரை வருவதில்லை. மேலே ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குத் தாவி, அங்கிருந்து கீழே சிந்துகிறது. அதனால் நிழலே ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கோடை நண்பகலில் சூரியன் உச்சியில் இருப்பதால் சில நிமிடம் அடிவரை வெயில் விழும், படம் எடுப்பவர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுடைய சிறந்த மாதம் இதுதான்.

ஒரு வளைவில் ஓய்வெடுக்க நின்றபோது மகள் மேலே காட்டினாள். எங்கள் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், சுவரின் ஒரு வெடிப்பில், முழுசாக ஒரு மரத்தடி குறுக்கே செருகிக்கிடந்தது. பட்டை உரிந்து, இரண்டு முனையும் நார்நாராகச் சிதைந்து, வெடிப்புக்குள் காய்ந்த சேறும் சருகும் அடைத்திருந்தன. யாரும் ஏறிக் கொண்டுபோய் வைக்க முடியாத இடம்.

"அம்மா, தண்ணி அவ்வளவு உயரத்துலயா வந்துச்சு?"

"வந்ததாலதானே அங்க இருக்கு."

அதற்குப் பிறகு அவளும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவின் கீஹோல் என்ற சிறிய பள்ளத்தாக்கில் வெள்ளத்தில் சிக்கி ஏழு பேர் இறந்துபோனார்கள். அதனால்தான் மாதத்தைத் தேர்வு செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது செப்டம்பர் முதல் பாதியைப் பற்றி. பள்ளி திறந்துவிட்டது, கூட்டம் குறைந்துவிட்டது, தண்ணீர் இதமாக இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் மழைக்காலம் அப்போதும் முடிந்திருக்காது.

ஆர்டர்வில் பள்ளத்தாக்கு வந்து சேரும் இடம் வரை போனோம், நிறுத்தத்திலிருந்து இரண்டரை மைல். அதையடுத்து 'வால் ஸ்ட்ரீட்' என்ற பகுதி. இரண்டு பக்கமும் ஆயிரம் அடிச் சுவர், ஒதுங்க மேடே இல்லாமல் சுவரிலிருந்து சுவர் வரை தண்ணீர். கொஞ்ச தூரம் உள்ளே போய், தொடை வரை ஏறியதும் மகளை நினைத்துத் திரும்பிவிட்டோம். இன்னும் மேலே பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை அனுமதிச் சீட்டு இல்லாமலே போகலாம். ஆனால் போய்வர முழுநாள் வேண்டும், நவம்பர்ப் பகலுக்குள் அடங்குவது கடினம்.

ஒரு எச்சரிக்கை. 2020இலிருந்து இந்த ஆற்றில் நச்சுத் தன்மையுள்ள சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் இருப்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள். தலையை முக்கக் கூடாது, இந்தத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்று நினைக்கவும் கூடாது. குடிநீரைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

திரும்பி வந்தபோது மாமா அதே கல்லில். பக்கத்தில் இருந்த ஒரு ரேஞ்சர் பெண்ணிடம் நீரளவு நிலையம் எங்கே, எந்த வகைக் கருவி என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சொன்னார்: "மே மாசம் முன்னூறு, நானூறு போகுமாம். பூட்டிடுவாங்களாம். பூட்டினா என்ன, இந்தப் படியில உக்காந்து பாத்தாலே போதும். நான் மே மாசம் ஒரு தடவை வரணும்."

ஆற்றுக்குள் இறங்க வருகிறவருக்கு மூடிக்கிடக்கும் மாதம், ஆற்றைப் பார்க்க வருகிறவருக்கு வேண்டிய மாதம். என் கணவர் உடனே "அப்பா, மே மாசம் இவளுக்குப் பரீட்சை," என்றார்.

"உங்களை யார் கூப்பிட்டா?"

ஞாயிறு, ஸ்கவுட் லுக்அவுட்

நவம்பர் முதல் ஞாயிறு. நள்ளிரவு தாண்டிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நேற்று ஆறரைக்கு மறைந்த சூரியன் இன்று ஐந்தரைக்கே மறையும். பள்ளத்தாக்குக்குள் இன்னும் முன்னதாகவே, நாலு மணிக்கே பாதி இடம் நிழல். மலையேறுகிறவர்கள் இந்த வாரத்துக்குத் திட்டம் போடும்போது போன வாரத்து மாலையை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறைமுகட்டில் ஏற 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு. விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். பருவத்துக்கு ஒரு குலுக்கல், அது தவிர முந்தின நாள் குலுக்கல் ஒன்று. எங்களுக்குப் பருவக் குலுக்கலிலும் இல்லை, முந்தின நாளும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரண்டு பக்கமும் ஆயிரம் அடி இறங்கும் முதுகில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மகளை அழைத்துப்போக எனக்கு மனமில்லை. சங்கிலி தொடங்கும் இடமான ஸ்கவுட் லுக்அவுட் வரை சீட்டு வேண்டாம். காட்சியில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

இரண்டு மைல் ஏற்றம், ஆயிரம் அடிக்கு மேல். நடுவில் ஒரு குளிர்ந்த இடுக்கு, பெயரே ரெஃப்ரிஜிரேட்டர். கோடையில் அது உயிர்காக்கும் இடம். கீழே 100 டிகிரி தாண்டும்போது அங்கே மட்டும் மூச்சு விடலாம். இன்று எங்களுக்கு அங்கே நிற்க முடியவில்லை. குளிர்காலத்தில் இதே நிழல் வில்லனாகிவிடும்: பெய்த பனி உருகாமல் பாதையில் கண்ணாடியாக உறைந்து நாட்கணக்கில் கிடக்கும், காலணிக்கு முள்பட்டை மாட்டாமல் ஏற முடியாது. மகளின் ஜனவரி ஆசைக்கு இதைக் காட்டித்தான் பதில் சொன்னேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், சிவப்புப் பாறையில் புதுப்பனி விழுந்த காலை ஒன்றுக்காக இந்தப் பாதையையே விட்டுக்கொடுக்கலாம். கீழே ஆற்றோரம் நடந்தாலே போதும்.

அதன்பின் 21 ஊசிவளைவுகள், செங்குத்துச் சுவரில் கல் அடுக்கிக் கட்டியவை. பூங்காவின் முதல் கண்காணிப்பாளர் வால்டர் ரூஷின் பெயரால் 'வால்டர்ஸ் விக்கிள்ஸ்'. 1926இல் கட்டியது. எண்ணிக்கொண்டே ஏறியவள் மகள். நான் எண்ணவில்லை, மூச்சு போதவில்லை.

மேலே ஒரு பெரிய கரிய பறவை எங்கள் கண்மட்டத்தில் சுற்றியது. இறக்கை அடிக்கவே இல்லை. சிறகின் அடியில் வெள்ளை முக்கோணம், இறக்கையில் எண் எழுதிய பட்டை. கலிஃபோர்னியா காண்டோர். ஒன்பதரை அடி இறக்கை விரிப்பு. 1982இல் உலகத்தில் 22 மட்டுமே மிஞ்சியிருந்தன. பிடித்து வளர்த்துப் பெருக்கி, 1996இல் அரிசோனாவில் விட்டார்கள். மீட்புத் திட்டம் தொடங்கியபின் பொரித்த ஆயிரமாவது குஞ்சு 2019இல் இதே ஜயான் சுவரில்தான் பொரித்தது. நவம்பரில் இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. கோடையில் வானத்தில் சுற்றும் கரிய பறவை பெரும்பாலும் சாதாரணக் கழுகு, டர்க்கி வல்ச்சர். அவை குளிருக்கு முன்பே தெற்கே போய்விடும். காண்டோர் போகாது. இப்போது தலைக்கு மேல் பெரிதாக ஒன்று சுற்றினால் டர்க்கி வல்ச்சரோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

இறங்கி வரும் வழியில் யோசித்துக்கொண்டிருந்தேன். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நான்கு இந்த ஊருக்குப் போதவில்லை. நம்முடைய ஆறு பருவக் கணக்கு கச்சிதமாக உட்காருகிறது. பனியுருகும் ஏப்ரல் இளவேனில், மழையே இல்லாமல் காயும் ஜூன் முதுவேனில், இடிமழை வரும் ஜூலை முதல் செப்டம்பர் வரை கார், இப்போது கூதிர், பிறகு முன்பனி, பின்பனி. பாலைத் திணைக்கு நம் முன்னோர் வேனிலையும் பின்பனியையும் பொழுதாக வைத்தது பிரிந்து போகிறவர்களுக்காக. குடும்பத்தோடு சேர்ந்து வருகிறவர்களுக்குக் கூதிர்தான் சரி. இதைச் சொன்னேன். "நீ முதல்ல பாதையைப் பாத்து இறங்கு," என்றார் என் கணவர்.

திங்கள், கிழக்கு வழி

காலையில் மலைக்குள் குடைந்த சுரங்கச் சாலை வழியாகக் கிழக்குப் பக்கம் போனோம். 1.1 மைல் நீளம், 1930இல் திறந்தது. உள்ளே விளக்கு இல்லை. அங்கங்கே பாறையில் வெட்டிய ஜன்னல்களில் பள்ளத்தாக்கு ஒரு கணம் தெரிந்து மறையும். அந்தப் பக்கம் நிலமே வேறு: சுவர்கள் இல்லை, அலை அலையாக உறைந்த மணல்மேடுகள். கேன்யன் ஓவர்லுக் பாதை போய்வர ஒரு மைல். மாமா முழங்காலோடு பாதிவரை வந்தார். இங்கே ஷட்டில் கிடையாது, நிறுத்த சொற்ப இடம். எந்தப் பருவத்திலும் எட்டு மணிக்கு முன்னால் வந்தால்தான் உண்டு.

மதியம் லாஸ் வேகஸ் திரும்பும் வழியில் தங்கை போன் செய்தாள். "அக்கா, நீங்க நவம்பர்ல போயிட்டு அழகா எழுதுறீங்க. எங்களுக்கு ஜூலையை விட்டா லீவே கிடையாது. வரவே கூடாதா?"

வரலாம். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஜூலையில் பகல் 100 டிகிரி ஃபாரன்ஹீட், 38 செல்சியஸ், அதற்கு மேலும் போகும். ஆகவே விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மலையேற்றம் எல்லாம் பத்து மணிக்குள் முடிய வேண்டும். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். நேரோஸ் போவதானால் அன்றைய வெள்ள வாய்ப்பைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே இறங்கி, நண்பகலுக்கு முன்னால் கரையேறிவிடுங்கள். 'வர வாய்ப்பு அதிகம்' என்று எழுதியிருந்தால் அன்று ஆற்றை மறந்துவிடுங்கள், ஆயிரம் மைல் தாண்டி வந்திருந்தாலும். ஜூன் முதல் மூன்று வாரம் கிடைத்தால் ஜூலையைவிட நல்லது: உருகல் வடிந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது, வெயில் மட்டும்தான் எதிரி.

பிற்பகல் வெயிலுக்கு அறையில் முடங்க வேண்டாம். வர்ஜின் என்ற சிற்றூரில் திரும்பி கோலாப் டெரஸ் சாலையில் ஏறுங்கள். குளிர்காலத்தில் பனி மூடி அந்தச் சாலையின் மேல்பகுதியில் போக முடியாது. கோடைக்காரர்களுக்கென்றே இருக்கும் சாலை அது. லாவா பாயிண்ட் 7,890 அடி, பள்ளத்தாக்கைவிடத் தெளிவாகக் குளிர்ச்சி, ஆஸ்பென் நிழல், கூட்டம் மிகக் குறைவு. அங்கே குடிநீர்க் குழாய் கிடையாது. கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.